சம்பளம் போட்டுட்டாங்க, ஃபோனை எடுத்துட்டாங்க: இங்கிலீஷ் பாஸிவ் வாய்ஸ் ஆரம்பப் பாடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், வேலைக்குப் போகிறவர்களுக்காக நாங்கள் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பு. எப்போதும் முதல் ஆளாக வந்து உட்காரும் அக்கா அன்று அரை மணி நேரம் தாமதமாக வந்தார், முகம் வாடியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் லோக்கல் ட்ரெயின் நெரிசலில் அவருடைய கைப்பையை பிளேடால் கிழித்து ஃபோனை எடுத்துவிட்டார்கள். அது ஆபீஸில் கொடுத்த ஃபோன், அதனால் மேனேஜருக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். "எழுதிட்டேன் தம்பி, சரியா இருக்கான்னு பாருங்க" என்று நோட்டை நீட்டினார். முதல் வரி இது: "மை ஃபோன் ஸ்டோல் இன் ட்ரெயின்."

இதைப் படிக்கிற மேனேஜருக்கு "என் ஃபோன் ட்ரெயினில் எதையோ திருடியது" என்றுதான் அர்த்தம் வரும். ஆனால் அக்கா எழுதியதில் தப்பு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். சொற்கள் சரி, வரிசை சரி, 'ஸ்டீல்' என்பதற்கு இறந்தகாலம் 'ஸ்டோல்' என்பதும் சரியாக ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒரு 'வாஸ்', கடைசியில் ஒரு 'ன்', இரண்டுதான் குறைகின்றன. "மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்." பாஸிவ் வாய்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்தியதெல்லாம் அந்த 'வாஸ்', அந்த 'ன்' இரண்டுக்குள் அடங்கிவிடும். அதைத்தான் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

நாம் பள்ளியில் படித்த முறையை முதலில் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். செய்வினை, செயப்பாட்டுவினை என்று தலைப்பு எழுதி, "ராமன் ராவணனைக் கொன்றான்", "ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்" என்று இரண்டு வாக்கியத்தைப் போட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு, பின்னால் இருப்பதை முன்னால் இழு, நடுவில் 'பை' சேர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கணக்குப் போடுகிற மாதிரி மாற்றினோம், மார்க்கும் வாங்கினோம். சிக்கல் என்னவென்றால், வீட்டில் யாரும் "சோறு என்னால் சாப்பிடப்பட்டது" என்று பேசுவதில்லை. 'படு' போட்ட வாக்கியம் செய்தித்தாளிலும் அரசாங்க அறிவிப்பிலும்தான் வரும். அதனால் பாஸிவ் என்பது பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுகிற ஏதோ ஒன்று, பேச்சில் வராது என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கிலீஷில் அப்படியில்லை, அங்கே அது தினசரிப் பேச்சு.

சரி, தமிழில் 'படு' இல்லாமல் அதே வேலையை எப்படிச் செய்கிறோம்? சம்பளம் வந்த அன்று "சம்பளம் போட்டுட்டாங்க" என்கிறோம். யார் போட்டார்கள்? கணக்குப் பிரிவில் இருக்கிற யாரோ, அல்லது கம்ப்யூட்டரே. அது நமக்கு முக்கியமில்லை. "தண்ணிய நிறுத்திட்டாங்க", "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க", "அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க", "நாளைக்கு வரச் சொன்னாங்க". இந்த 'ஆங்க'வில் குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை, கவனித்தீர்களா? யாரோ செய்தார்கள், அது யாராக இருந்தாலும் பரவாயில்லை, நடந்ததுதான் விஷயம். இந்த இடத்தில்தான் இங்கிலீஷ்காரர் பாஸிவுக்குப் போகிறார். சம்பளம் போட்டுட்டாங்க: "தி சாலரி ஹாஸ் பீன் க்ரெடிட்டட்." ரோட்டைத் தோண்டியிருக்காங்க: "தி ரோட் ஹாஸ் பீன் டக் அப்." வேலையை விட்டு எடுத்துட்டாங்க: "ஹி வாஸ் ஃபயர்ட்." ஆக, வாயில் ஆள் இல்லாத 'ஆங்க' வருகிறதா, பெரும்பாலும் இங்கிலீஷில் அங்கே பாஸிவ் போடலாம். பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்த ஒரு 'ஆங்க'தான், இலக்கணப் புத்தகத்தில் இருக்கும் அட்டவணை எதுவும் இந்த அளவுக்குக் கை கொடுத்ததில்லை.

இப்போது எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். இரண்டே பொருள் வேண்டும். ஒன்று 'பி' என்கிற வினைச்சொல், அதாவது இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் எல்லாம் அதன் பிள்ளைகள். இன்னொன்று வினையின் மூன்றாவது வடிவம்: 'ஈட், ஏட், ஈட்டன்' என்று மனப்பாடம் செய்தோமே, அதில் கடைசியில் வருவது. இந்த மூன்றாவது வடிவம் எந்தக் காலத்திலும் மாறாது. காலத்தைக் காட்டுகிற வேலை முழுக்க 'பி'யின் தலையில்.

இதை ஒரு இட்லிக் கடை நாளோடு சேர்த்துப் பார்த்தால் மனதில் நிற்கும். தாராவியில் விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து, பெரிய பாத்திரங்களில் அடுக்கி, சைக்கிளில் கட்டி மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்கிற நம்ம ஊர்க் குடும்பங்கள் உண்டு. அந்த இட்லியையே எடுத்துக்கொள்வோம். இட்லிக்கு 'மேக்' என்கிற வினையை வைத்தால் மூன்றாவது வடிவம் 'மேட்'. தினமும் நடப்பது: "இட்லிஸ் ஆர் மேட் ஹியர்." இங்கே இட்லி போடுவாங்க. காலை நாலரை மணிக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் ஆவி பறக்கிறது, இன்னும் வேலை முடியவில்லை: "தி இட்லிஸ் ஆர் பீயிங் மேட்." ஆறு மணிக்குச் சைக்கிள்காரர் வந்து ஆயிடுச்சா என்று கேட்கிறார், ஆயிடுச்சு: "தி இட்லிஸ் ஹாவ் பீன் மேட்." மதியம் வாங்கிப் போனவர் இது எப்போது போட்டது என்று கேட்டால், காலையில் போட்டது: "தே வேர் மேட் திஸ் மார்னிங்." நாளைக்கு: "தே வில் பி மேட் டுமாரோ." முன்கூட்டியே போட்டு வைத்துவிட முடியுமா என்றால், முடியும்: "தே கேன் பி மேட் இன் அட்வான்ஸ்." ஆறு வாக்கியத்திலும் 'மேட்' உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. முன்னால் 'பி' மட்டும் ஆர், ஆர் பீயிங், ஹாவ் பீன், வேர், வில் பி, கேன் பி என்று மாறிக்கொண்டே வருகிறது. 'வில்', 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் 'பி' எப்போதும் வெறும் 'பி'தான், அங்கே யோசிக்கவே வேண்டாம்.

இட்லி ஒன்றே ஒன்று என்றால் 'ஆர்' போய் 'இஸ்' வரும், 'வேர்' போய் 'வாஸ்' வரும், 'ஹாவ்' போய் 'ஹாஸ்' வரும். இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஒருமையா பன்மையா என்று முடிவு செய்வது, செய்கிறவர் எத்தனை பேர் என்பது அல்ல, முன்னால் வந்து உட்கார்ந்த பொருள் எத்தனை என்பதுதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் "தி லெட்டர் வாஸ் சைன்ட்"தான். இன்னும் நீளமான வடிவங்கள், 'ஹாஸ் பீன் பீயிங்' என்றெல்லாம், சில பயிற்சிப் புத்தகங்களில் இருக்கும். யாரும் பேசுவதில்லை, விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வடிவத்தை மட்டும் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. பெரும்பாலான வினைகளுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான், 'எட்' சேர்த்தால் போதும். ஆனால் தினசரிப் பேச்சில் அதிகம் வருகிற கொஞ்சம் வினைகள் வேறு மாதிரி: டேக்கன், கிவன், ரிட்டன், ப்ரோக்கன், ஸ்டோலன், சீன், டன். 'கட்', 'புட்' இரண்டும் மூன்று வடிவத்திலும் மாறாது. ஒரு ஐம்பது வினை தெரிந்தால் ஆபீஸ் வேலைக்குப் போதும். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன், தினம் ரயிலில் ஐந்து.

அக்கா ஏன் 'வாஸ்' போடவில்லை என்பதற்கு வருகிறேன், அது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அவர் மனதில் ஓடிய தமிழ் வாக்கியம், "ஃபோன் திருடு போயிடுச்சு." அங்கே ஃபோன்தான் எழுவாய், போனது ஃபோன். படு கிடையாது, பெறு கிடையாது, சாதாரண வினை. அதையே சொல்லுக்குச் சொல் வைத்தார். தமிழுக்கு இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் சொல்கிறது, உரைகாரர்கள் அதற்கு "திண்ணை மெழுகிற்று" என்று உதாரணம் காட்டுகிறார்கள். திண்ணை தானாக மெழுகிக்கொள்ளாது, யாரோ மெழுகினார்கள், ஆனாலும் திண்ணை மெழுகிற்று. அக்காவின் ஃபோன் அதே திண்ணைதான். தமிழில் கண்ணாடியை உடைத்தான், கண்ணாடி உடைந்தது என்று வினையே இரண்டாகப் பிரிந்து நிற்பதால், செய்தவனை விட்டுவிட்டுப் பேச நமக்கு ரொம்ப வசதி.

இங்கிலீஷிலும் சில வினைகள் இப்படி இரண்டு பக்கமும் வேலை செய்யும். "தி க்ளாஸ் ப்ரோக்" என்றால் கண்ணாடி உடைந்தது, "தி க்ளாஸ் வாஸ் ப்ரோக்கன்" என்றால் உடைத்துவிட்டார்கள், அல்லது உடைந்து கிடந்தது. 'ஓபன்', 'ஸ்டாப்', 'சேஞ்ச்' எல்லாம் அந்த ரகம். 'ஸ்டீல்' அந்த ரகம் இல்லை, 'டேக்', 'கிவ்', 'செலக்ட்' எதுவும் இல்லை. அவற்றுக்கு 'பி' கட்டாயம். ஆங்கிலேயரே ஒரு காலத்தில் "தி ஹவுஸ் இஸ் பில்டிங்" என்று சொல்லி, வீடு கட்டுகிறார்கள் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலையெடுத்தது, 19ஆம் நூற்றாண்டில்கூட அது அழகில்லை என்று சில இலக்கணக்காரர்கள் சண்டை போட்டார்கள். அதனால் இதில் தடுமாறுவதற்கு வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அப்புறம், 'பி' இல்லாவிட்டால் அர்த்தமே தலைகீழாகும் இடங்கள். வேலை கிடைத்த பையன் ஒருவன் சந்தோஷமாக வந்து "ஐ ஹாவ் செலக்டட்" என்றான். அப்படிச் சொன்னால் நான் யாரையோ தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று அர்த்தம், அவனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் "ஐ ஹாவ் பீன் செலக்டட்" என்று அந்த 'பீன்' வர வேண்டும். இதே மாதிரி "ஐ டோல்டு டு கம் அட் டென்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. என்னைப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க என்பதுதான் சொல்ல வந்தது. அது "ஐ வாஸ் டோல்டு டு கம் அட் டென்." தமிழில் 'எனக்கு', 'என்னை' என்று தொடங்கி 'ஆங்க'வில் முடிகிற வாக்கியங்கள் இங்கிலீஷுக்குப் போகும்போது இப்படி 'ஐ வாஸ்' என்று ஆகும். எனக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க: "ஐ வாஸ் கிவன் எ ஃபார்ம்." என்னைக் காத்திருக்கச் சொன்னாங்க: "ஐ வாஸ் ஆஸ்க்ட் டு வெயிட்." எனக்கு மூணு மாசமா சம்பளம் தரல: "ஐ ஹாவ் நாட் பீன் பெய்ட் ஃபார் த்ரீ மன்த்ஸ்." இன்டர்வியூவிலும் ஆபீஸ் மெயிலிலும் இதுதான் அதிகம் தேவைப்படும், இதை மட்டும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். "ஐ வாஸ் பார்ன் இன் மும்பை" என்பதும் இந்தக் குடும்பம்தான், 'ஐ ஆம் பார்ன்' வராது.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு, 'வாஸ்' வேண்டாத இடத்தில் போடுவது. "தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பண்ட்", "ஹிஸ் ஃபாதர் வாஸ் டைட்", "ஐ வாஸ் பாஸ்ட் அவுட் இன் 2019". இறந்தகாலம் என்றாலே 'வாஸ்' போட வேண்டும் என்ற நினைப்பில் வருவது. இதைச் சோதிக்க நம்ம இரண்டாம் வேற்றுமையே போதும். அந்த வினையைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். எதைத் திருடினான்? ஃபோனை. பதில் வருகிறது, பாஸிவ் வரும். எதை நடந்தது? யாரை இறந்தார்? கேள்வியே நிற்கவில்லை, அதனால் 'ஹாப்பன்', 'டை', 'கோ', 'கம்', 'அரைவ்', 'ஸ்லீப்' எதற்கும் இந்தப் பாஸிவ் கிடையாது. வெறுமனே "தி ஆக்ஸிடென்ட் ஹாப்பண்ட்", "ஹிஸ் ஃபாதர் டைட்." இந்தச் சோதனையை ஏமாற்றுகிற சில வினைகளும் இருக்கின்றன, 'ஹாவ்', 'காஸ்ட்', 'ரிசெம்பிள்' மாதிரி. "எ பைக் இஸ் ஹாட் பை மி" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவை குறைவு, வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

'பை' விஷயத்துக்கு ஒரே ஒரு வார்த்தை: தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். "ஹி வாஸ் அரெஸ்டட் பை தி போலீஸ்" என்பதில் கடைசி மூன்று சொல் சும்மா, போலீஸ் தவிர வேறு யார் கைது செய்வார்கள்? யார் செய்தது என்பதுதான் செய்தி என்றால் போட வேண்டும்: "திஸ் பாட் வாஸ் மேட் பை மை க்ராண்ட்மதர்." அதில் பாட்டிதான் விஷயமே. ஆள் செய்தால் 'பை', கருவியால் நடந்தால் 'வித்'. பிளேடால் கிழித்தார்கள் என்றால் "கட் வித் எ பிளேட்". தமிழில் பாட்டியால், பிளேடால் இரண்டுக்கும் 'ஆல்' ஒன்றே என்பதால் இங்கே குழப்பம் வரும், அங்கே இரண்டும் வேறு. 'லுக் ஆஃப்டர்' மாதிரி வால் உள்ள வினைகளில் வாலை வெட்டிவிடக் கூடாது: "தி சைல்டு வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் ஆன்ட்." பேச்சில் 'வாஸ்'க்குப் பதில் 'காட்' வருவதும் கேட்டிருப்பீர்கள், "மை ஃபோன் காட் ஸ்டோலன்", அதுவும் சரிதான், நண்பர்களிடம் சொல்லலாம், கடிதத்தில் 'வாஸ்' நன்றாக இருக்கும்.

எப்போது பாஸிவ் போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதமானால் இங்கிலீஷில் வருகிற அறிவிப்பைக் காதில் வாங்கியிருப்பீர்கள்: "தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்." அதையே சென்னைப் பக்கம் தமிழில் "வருந்துகிறோம்" என்று முடிப்பார்கள், இங்கே இந்தியில் "ஹமே கேத் ஹை" என்று வரும். தமிழ் வாக்கியத்தில் 'ஓம்' இருக்கிறது, இந்தியில் 'ஹமே' இருக்கிறது, அதாவது வருந்துகிறவர் ஒருவர் அங்கே நிற்கிறார். இங்கிலீஷ் வாக்கியத்தில் வருத்தம் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. பாஸிவுக்கு இருக்கிற பலம் அது, ஆபத்தும் அதுவே. உங்கள் கையால் ஒரு தப்பு நடந்து மேனேஜருக்கு எழுதுகிறீர்கள் என்றால் "எ மிஸ்டேக் வாஸ் மேட்" என்று எழுதாதீர்கள், "ஐ மேட் எ மிஸ்டேக்" என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு உடனே வித்தியாசம் தெரியும். அதேபோல நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த வேலையையும் "தி ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட்" என்று யாருடையதோ மாதிரி எழுத வேண்டாம். ஆய்வுக்கூட நோட்டில் "தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்" என்று எழுதுவது வேறு, அங்கே யார் சூடாக்கினார்கள் என்பது யாருக்கும் தேவையில்லை.

சரி, அக்காவின் கடிதம். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டோம், இதைச் செய்தது யார், அது தெரியுமா. ஃபோனைக் கொடுத்தது ஆபீஸ், அது மேனேஜருக்கே தெரியும்: "தி ஃபோன் வாஸ் கிவன் டு மி இன் ஜூன்." திருடினவன் யாரென்று தெரியாது: "இட் வாஸ் ஸ்டோலன் இன் எ லோக்கல் ட்ரெயின் யெஸ்டர்டே ஈவினிங். மை ஹேண்ட்பேக் வாஸ் கட் வித் எ பிளேட்." அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போலீஸிடம் ஓடியது அக்கா, அதை மறைக்கக் கூடாது, அங்கே நேராக 'ஐ': "ஐ காட் ஆஃப் அட் தி நெக்ஸ்ட் ஸ்டேஷன் அண்ட் ரிப்போர்ட்டட் இட் டு தி போலீஸ்." சிம்மை அன்று ராத்திரியே நிறுத்திவிட்டார்கள், இப்போதும் அது அப்படியே நிற்கிறது: "தி சிம் ஹாஸ் பீன் ப்ளாக்ட்."

ஃபோன் கிடைக்குமா என்று போலீஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார், உதட்டில் ஏதோ முணுமுணுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவரே கடைசி வரியை எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினார்: "ஐ வாஸ் டோல்டு டு வெயிட் ஃபார் டூ டேஸ்."